40 வயதைத் தாண்டிய லெப்ரானிடம் இன்னும் பட்டம் கேட்பது நியாயமா?

கேள்வி கேட்ட தம்பி நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். அவரும் அவருடைய மாமாவும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் ரசிகர்கள். 2025 பிளேஆஃபில் (பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் தொடர்களில்) லெப்ரான் ஜேம்ஸ் ஆடிய லேக்கர்ஸ் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் 4-1 என்று தோற்றதிலிருந்து வீட்டில் சண்டை ஓயவில்லை. "40 வயதிலும் ஆட்டத்துக்கு 24 புள்ளி எடுக்கிற ஆளால் ஒரு தொடரை ஜெயித்துக் கொடுக்க முடியாதா? முடியாதென்றால் விலகிப் போகட்டும், சம்பளத்தை மட்டும் முழுசாக வாங்குவானேன்?" இது மாமா கட்சி. "அந்த வயதில் கோர்ட்டில் நிற்பதே பெரிது, அவரைக் குறை சொல்லவே கூடாது." இது தம்பி கட்சி. யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

நான் சிங்கப்பூரில் அங் மோ கியோ பக்கம் வார இறுதிகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறவன். இருபது வருடமாகிறது. என்பிஏ பார்க்கத் தொடங்கியது மைக்கேல் ஜோர்டன் சிகாகோவில் ஆடிய காலத்தில். வயது 53. இந்த விஷயத்தில் பேச எனக்குள்ள முக்கியமான தகுதி என்னுடைய இரண்டு முழங்கால்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருவருமே சராசரியை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். வயதாகிற ஆட்டக்காரரைப் பற்றி அதிகம் பொய் சொல்லும் எண் அதுதான்.

ஜோர்டனை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது முறை ஓய்வு பெற்று, வாஷிங்டன் விசர்ட்ஸ் அணியின் நிர்வாகத்தில் உட்கார்ந்திருந்த மனிதர், 2001ல் அதே அணிக்காக மறுபடி சட்டை மாட்டினார். வயது 38. அந்த டிசம்பர் 27ஆம் தேதி இண்டியானாவுக்கு எதிராக அவர் எடுத்தது 6 புள்ளி. தொடர்ந்து 866 ஆட்டங்களில் பத்துக்குக் குறையாமல் எடுத்து வந்த வரிசை அன்றோடு அறுந்தது. "கதை முடிந்தது" என்று எல்லோரும் எழுதினார்கள். இரண்டே நாள் கழித்து, 29ஆம் தேதி, ஷார்லட் அணிக்கு எதிராக 51. அடுத்த ஆட்டம் 31ஆம் தேதி, நியூ ஜெர்சிக்கு எதிராக 45. இப்போது அதே வாய்கள் "பழைய ஜோர்டன் திரும்பிவிட்டார்" என்றன. பிப்ரவரியில் முழங்காலில் அறுவை சிகிச்சை. ஏப்ரல் 2ஆம் தேதி லேக்கர்ஸுக்கு எதிராக 12 நிமிடம் ஆடி 2 புள்ளி. அந்தப் பருவத்தின் மொத்தச் சராசரி 22.9.

இந்த 22.9ஐப் பார்த்தால் என்ன தெரிகிறது? சிகாகோ காலத்தைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறார், அவ்வளவுதான் என்று தோன்றும். உள்ளே என்ன இருக்கிறது பாருங்கள்: ஒரே பருவத்தில் 51ம் இருக்கிறது, 2ம் இருக்கிறது. வயதாகும்போது முதலில் நடப்பது இதுதான். உச்சம் பெரிதாக இறங்குவதில்லை. அது வருகிற நாட்கள் குறைகின்றன. நல்ல இரவுக்கும் மோசமான இரவுக்கும் நடுவே உள்ள பள்ளம் ஆழமாகிறது. 28 வயதில் எந்த நாள் எழுப்பி நிறுத்தினாலும் ஆடுவார். 38ல் எந்த நாள் உடம்பு ஒத்துழைக்கும் என்று அவருக்கே காலையில் எழுந்து கட்டிலிலிருந்து காலை கீழே வைத்தால்தான் தெரியும்.

ரசிகன் நினைவில் நிற்பது அந்த 51தான். "அன்றைக்கு முடிந்தது, இன்றைக்கு ஏன் முடியவில்லை?" என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. மாமாவின் கோபமும் அதே வகை.

எங்கள் கோர்ட்டில் ஒரு சீன அங்கிள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அறுபதைத் தொடப்போகிறார். பள்ளிக்கூட நாளில் நன்றாக ஆடியவர் என்பது பந்தைப் பிடிக்கிற விதத்திலேயே தெரியும். ஜெயித்த அணி நிற்கும், தோற்ற அணி வெளியே போகும் என்ற வழக்கமான விதியில் மூன்று மூன்று பேராக ஆடுவோம். அங்கிள் ஓடவே மாட்டார். வலது பக்கம் சாய்வாக ஓரிடத்தில் நிற்பார். பந்து கைக்கு வந்தால் பலகையில் அடித்து உள்ளே போடுவார். புதிதாக வருகிற பதினேழு வயதுப் பையன்கள் முதல் ஆட்டத்தில் அவரை விட்டுவிடுவார்கள். மூன்று முறை பலகையில் பட்டு உள்ளே விழுந்த பிறகுதான் பக்கத்தில் போய் நிற்பார்கள். இரண்டு ஆட்டம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு காப்பிக்கடைக்குப் போய்விடுவார். ஒரு நாள் பையன்கள் கெஞ்சி மூன்றாவது ஆட்டத்துக்கும் நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த இரண்டு வாரம் ஆள் வரவில்லை. பிறகு வந்தபோது, "முழங்கால் புதன்கிழமை வரைக்கும் திட்டிக்கொண்டே இருந்தது" என்று அவருக்கே உரிய சிங்லிஷில் சொன்னார்.

உடம்புக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். வெடித்துக் கிளம்பும் வேகத்தைக் கொடுக்கிற தசை நார்கள் வேறு, நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிற நார்கள் வேறு. வயதோடு முதலில் சுருங்குவது முதல் வகை. தசைநாண்கள் பழைய மாதிரி சீக்கிரம் ஆறுவதில்லை. கூடைப்பந்தில் உடம்பை அதிகம் தின்பது குதிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். முழு வேகத்தில் ஓடிவந்து திடீரென்று நிற்பதும், திசை மாறுவதும், குதித்துத் தரையில் இறங்குவதும் அதைவிடக் கடுமை; இளைஞனுக்கு ஒரே இரவில் சரியாகிற அந்தத் தேய்மானம் நாற்பதில் மூன்று நாள் கேட்கும். என்பிஏ அட்டவணையோ அக்டோபரிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிக்குள் 82 ஆட்டம். சில வாரங்களில் அடுத்தடுத்த இரவு, நடுவே விமானப் பயணம். மூன்று நாள் எங்கே கிடைக்கும்?

அதனால் முதலில் போவது தற்காப்பு. பக்கவாட்டில் நகர்ந்து மறிப்பது, எதிரணி பந்தைப் பறித்து ஓடும்போது பின்னாலேயே ஓடித் தடுப்பது, ஒருமுறை குதித்து உடனே இரண்டாவது முறை குதிப்பது. இவை எதுவும் புள்ளிப் பட்டியலில் தெரியாது. கண், கை, ஆட்டத்தைப் படிக்கிற மூளை இவை நீண்ட நாள் இருக்கும், சிலருக்கு மெருகேறவும் செய்யும். லெப்ரான் முதல் பருவத்தில், தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்களில் உள்ளே போட்டது 29 சதவீதம். இருபது வருடம் கழித்து, 39 வயதைத் தொட்ட 2023-24 பருவத்தில் 41 சதவீதம். ஆக அவர் புள்ளி எடுப்பது குறையவில்லை என்பதை வைத்து அவருடைய கால்கள் குறையவில்லை என்று மாமா முடிவு கட்டியிருக்கிறார். இரண்டும் வேறு கணக்கு.

அந்தக் கால்களின் கணக்கைப் பாருங்களேன். என்பிஏ வரலாற்றில் அதிக நிமிடம் ஆடியவர் என்ற இடம் நீண்ட காலம் பழைய நட்சத்திரம் கரீம் அப்துல் ஜப்பாரிடம் இருந்தது: 57,446 நிமிடம். 2024 டிசம்பரில் லெப்ரான் அதைத் தாண்டினார். நாளாக மாற்றினால், இரவு பகல் நிற்காமல் கிட்டத்தட்ட நாற்பது நாள். பிளேஆஃப் நிமிடங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு மண்டலம்! விரதம் மாதிரி இல்லை, உலகத்தின் மிக வலுவான ஆட்கள் மேலே வந்து மோதிக்கொண்டிருக்கும்போது.

சரி, இப்போது அந்த மினசோட்டா தொடருக்கு வருவோம். நான்காவது ஆட்டம், 2025 ஏப்ரல் 27. நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலை. லேக்கர்ஸ் பயிற்சியாளர் ஜே.ஜே. ரெடிக் இரண்டாம் பாதி முழுவதும், 24 நிமிடமும், ஒரே ஐந்து பேரை நிறுத்தினார். ஒருவரைக்கூட மாற்றவில்லை. அந்த ஐவரில் ஒருவருக்கு வயது 40. எதிரில் மினசோட்டாவின் ஆன்டனி எட்வர்ட்ஸுக்கு 23. மூன்றாவது பகுதி முடிவில் லேக்கர்ஸுக்கு 10 புள்ளி முன்னிலை இருந்தது. ஆட்டம் 116-113 என்று மினசோட்டாவிடம் போனது. ஐந்தாவது ஆட்டத்தில் லெப்ரானுக்கு முழங்காலில் அடி, தொடரும் முடிந்தது. ரெடிக்கைத் திட்ட நான் இதைச் சொல்லவில்லை. அவரிடம் வேறு நல்ல ஆட்கள் பெஞ்சில் இல்லை. லூக்கா டோன்சிச்சை வாங்குவதற்காக உயரமான ஆன்டனி டேவிஸை டல்லாஸுக்குக் கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. (அந்தச் செய்தி வந்தது சீனப் புத்தாண்டு வாரத்தில், ஒரு ஞாயிறு மதியம். கைப்பேசியில் பார்த்துவிட்டு யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.) ஆனால் பாருங்கள், அணியில் உள்ள ஓட்டைகளை எல்லாம் அடைக்கிற துணியாக 40 வயதுக்காரரின் நிமிடங்களைப் பயன்படுத்திவிட்டு, கடைசியில் "அவர் ஜெயித்துக் கொடுக்கவில்லை" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள்.

இது புதிதும் இல்லை. 2013 ஏப்ரலில் லேக்கர்ஸ் நட்சத்திரம் கோபி பிரையண்ட். வயது 34, பதினேழாவது பருவம். லேக்கர்ஸ் பிளேஆஃபுக்குள் நுழைய ஒவ்வொரு ஆட்டமும் தேவை என்ற நிலை. ஏப்ரல் 10ஆம் தேதி போர்ட்லண்டில் 48 நிமிடத்தில் ஒரு நொடிகூட உட்காரவில்லை, 47 புள்ளி. எல்லோரும் மெய்சிலிர்த்தோம். நானும்தான். இரண்டு நாள் கழித்து கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராகக் குதிகால் தசைநாண் அறுந்தது. அறுந்த காலோடு நின்று இரண்டு ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும், யாரும் மறிக்காத எறிதல்) போட்டுவிட்டுப் போனார். 48 நிமிடம் ஆடியதால்தான் அறுந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த மாதம் முழுக்க அவரிடம் கேட்டது எந்த 34 வயது உடம்பிடமும் கேட்கக் கூடாத ஒன்று. அவரும் இல்லை என்று சொல்கிற ஆள் இல்லை.

பிறகு நடந்ததுதான் இன்னும் முக்கியம். அவர் திரும்பி வந்து ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்னாலேயே, 2013 நவம்பரில், இரண்டு வருடத்துக்கு 48.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. வந்தார், ஆறே ஆட்டத்தில் முழங்கால். அடுத்த பருவம் 35 ஆட்டம். கடைசிப் பருவத்தில் லேக்கர்ஸ் 17 வெற்றி, 65 தோல்வி. அந்த மூன்று வருடமும் "இவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு" என்ற வாக்கியத்தைக் கேட்காத நாள் இல்லை. கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி எடுத்தார், 50 முறை எறிந்து. மறுநாள் அத்தனை பேரும் அந்த 60ஐ மட்டும் பேசினார்கள். அந்த ஒரு ராத்திரியை வைத்து "இன்னும் ஒரு வருடம் ஆடியிருக்கலாமே" என்று எங்கள் கோர்ட்டிலேயே ஒருவர் சொன்னார்!

மாமாவின் சம்பளக் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. என்பிஏவில் ஒரு வீரருக்குக் கொடுக்கக்கூடிய உச்சச் சம்பளம் அவர் எத்தனை வருடம் ஆடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. முதல் ஆறு வருடத்தில் அணியின் சம்பள வரம்பில் 25 சதவீதம். ஏழிலிருந்து ஒன்பது வரை 30. பத்தும் அதற்கு மேலும் 35. அதாவது உடம்பு உச்சத்தில் இருக்கும் 25 வயதில் சட்டப்படியே குறைவாகத்தான் கொடுக்க முடியும். கால்கள் இறங்கத் தொடங்கும்போது சம்பளம் ஏறுகிறது. ஒரு விதத்தில் பழைய பாக்கியைப் பிறகு தீர்க்கிற ஏற்பாடு. ஆனால் பார்க்கிறவர்கள் இந்த வருடச் சம்பளத்துக்கு இந்த வருட உழைப்பைக் கேட்கிறார்கள். 2025-26க்கு லெப்ரானின் சம்பளம் 52.6 மில்லியன். அந்த எண்ணைத் தலைக்கு மேல் எழுதி ஒட்டிக்கொண்டு ஆடினால் எட்டுப் புள்ளி மட்டும் எடுக்கிற ராத்திரி எப்படித் தெரியும்?

இதில் மாமா பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. அணியின் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒருவர் வாங்கினால் மற்ற பதினான்கு பேருக்கு மிச்சம் குறைவு. பெஞ்சில் ஆள் இல்லாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். சான் அன்டோனியோ அணியின் நட்சத்திரம் டிம் டங்கன் இதைப் புரிந்துகொண்டு, கடைசி வருடங்களில் தனக்குக் கிடைக்கக்கூடியதைவிட மிகக் குறைவாக வாங்கினார். ஆனால் அதை எல்லோரிடமும் கடமையாகக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நம்மில் எத்தனை பேர், "நிறுவனத்தில் வேறு நல்ல ஆட்களை எடுங்கள், என் சம்பளத்தைக் குறையுங்கள்" என்று போய் நின்றிருக்கிறோம்?

டங்கன் பெயரை எடுத்த பிறகு சும்மா விட முடியாது, ஏனென்றால் வயதான நட்சத்திரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு சான் அன்டோனியோ அணியைவிட நல்ல பாடம் கிடையாது. 2012 மார்ச்சில் ஒரு ஆட்டத்துக்கு அவரை உட்கார வைத்துவிட்டு, அதிகாரபூர்வக் குறிப்பில் காரணம் என்ற இடத்தில் "வயதானவர்" என்று எழுதிக்கொடுத்தார்கள். அடிபட்டது என்று பொய் சொல்லவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மயாமியில் நடந்த தொலைக்காட்சி ஆட்டத்துக்கு முன்பு டங்கன் உட்பட நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பிவைத்தார் பயிற்சியாளர் போபோவிச். என்பிஏ 2,50,000 டாலர் அபராதம் போட்டது. அணி கட்டிவிட்டுப் போனது. 2013-14 பருவத்தில் அந்த அணியில் ஒருவருக்குக்கூடச் சராசரி 30 நிமிடத்தைத் தொடவில்லை. டங்கனுக்கு 29.2 நிமிடம், 15.1 புள்ளி. ஜூனில் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 38. கடைசிப் பருவத்தில் அவர் எடுத்தது ஆட்டத்துக்கு 8.6 புள்ளிதான், அணி ஜெயித்தது 67 ஆட்டம். யாராவது "டங்கன் எங்களை ஏமாற்றிவிட்டார்" என்றார்களா?

கரீமும் அப்படித்தான். லேக்கர்ஸுக்காக ஆடி, 38 வயதில் 1985 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். முதல் ஆட்டத்தில் பாஸ்டன் 148-114 என்று நசுக்கியது. அவர் 12 புள்ளியும் மூன்று ரீபவுண்டும் (உள்ளே போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). அடுத்த ஆட்டத்தில் 30 புள்ளி, 17 ரீபவுண்டு. அதே பள்ளம், அதே உச்சம், பார்த்தீர்களா? ஆனால் லேக்கர்ஸ் அந்த உச்சத்தை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. 1986-87ல் ஆட்டத்தின் சாவியை மேஜிக் ஜான்சனிடம் கொடுத்தார்கள். கரீம் நடுவில் நின்று தேவைப்படும்போது அந்த உயர்ந்த கொக்கி எறிதலைப் போட்டார். அந்த வருடமும் அடுத்த வருடமும் பட்டம்.

சிங்கப்பூரில் இருக்கிற நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஓய்வு வயது 63, மறு வேலைவாய்ப்பு வயது 68 என்று 2022 ஜூலையில் வைத்தார்கள். 2026 ஜூலை முதல் 64, 69. இந்த நடு வருடங்களின் பொருள் என்ன? ஆள் இருக்கிறார், அனுபவம் வேண்டும், ஆனால் வேலையும் நேரமும் வேறு மாதிரி அமையலாம். என்பிஏ நட்சத்திரத்துக்குப் பெரும்பாலும் இந்த நடுக்கட்டம் கொடுக்கப்படுவதில்லை. முதலாளி நாற்காலி அல்லது வீடு. வின்ஸ் கார்ட்டர் மாதிரிச் சிலர் தாங்களாகவே பெஞ்சுக்கு நகர்ந்து 43 வயது வரை, 22 பருவம், ஆடினார்கள். அதற்கு மனசு வேண்டும். கூடவே, ரசிகர்கள் அவரிடமிருந்து பட்டம் எதிர்பார்க்கவில்லை என்கிற வசதியும் இருந்தது.

தேசிய சேவை முடித்தவர்களுக்கு இன்னொரு விதமாகவும் சொல்லலாம். ராணுவத்தின் உடற்தகுதித் தேர்வான ஐபிபிடி எடுத்திருப்பீர்கள். 2.4 கிலோமீட்டரை 22 வயதுக்காரரும் 38 வயதுக்காரரும் ஒரே நேரத்தில் ஓடி முடித்தால் இருவருக்கும் ஒரே புள்ளியா? இல்லை. வயதுவாரியாகத் தனித்தனி அட்டவணை இருக்கிறது. நம்முடைய ராணுவத்துக்கே தெரிந்த இந்த எளிய விஷயம் கூடைப்பந்துப் புள்ளிப் பட்டியலில் கிடையாது. லெப்ரானும் எட்வர்ட்ஸும் ஒரே கட்டத்தில், ஒரே எழுத்தளவில். எதிரணிக்காரர் வயது பார்த்து விட்டுக்கொடுக்க மாட்டார், அது சரிதான். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிற நாம் ஏன் அந்த அட்டவணையை மனசுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது? மாமாவுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. நாற்பதைத் தாண்டியிருந்தால் கடைசி ஐபிபிடியின் முடிவை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

விளையாட்டாகச் சொன்னாலும் இதில் ஒரு உண்மை இருக்கிறது. லெப்ரான் 2003ல் வந்தபோது பள்ளியில் இருந்தவர்களுக்கு இப்போது பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அவர் ஆடுகிற வரைக்கும் தங்கள் இளமையும் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு. லாஸ் ஏஞ்சலிஸ் ஆட்டங்கள் நமக்கு மதிய உணவு நேரத்துக்கு முன்னால் தொடங்கும். அலுவலகத்தில் கைப்பேசியைக் கணினிக்குப் பின்னால் சாய்த்து வைத்துப் பார்த்தே இருபது வருடம் போய்விட்டது. அவர் தடுமாறினால் நம்மை யாரோ தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது. அந்தக் கோபத்தில் பாதி அவர் மேல் இல்லை.

தமிழர்களுக்கு இதை விளக்க கூடைப்பந்து வரைக்கும் போகவே வேண்டாம், தோனி போதும். 2025 மார்ச் 28, சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிரான ஆட்டம். 43 வயது தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். 16 பந்தில் 30, ஆட்டமிழக்கவில்லை. சென்னை 50 ரன்னில் தோற்றது. அன்றிரவு இங்கே லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் நான் சாப்பிட்ட கடையில் ஒரே பேச்சு: "16 பந்தில் 30 அடிக்கிறவர் முன்னாலேயே வந்திருந்தால்?" பிறகு பயிற்சியாளர் ஃபிளெமிங் விளக்கினார்: முழங்கால் பழைய மாதிரி இல்லை, பத்து ஓவர் ஓடி ஆட முடியாது. 16 பந்தில் 30 வந்ததே ஒன்பதாவது ஆளாக வந்ததால்தான். நான்காவதாக வந்திருந்தால் அந்த 30 இல்லை. இதை அந்த மேஜையில் சொல்லிப் பார்த்தேன். பரோட்டா ஆறிப்போனதுதான் மிச்சம்.

என்பிஏ நிர்வாகமும் இந்த இழுபறியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நட்சத்திரங்கள் ஓய்வெடுத்தால் தொலைக்காட்சிக்காரர்களுக்கும் டிக்கெட் வாங்கியவர்களுக்கும் கோபம். அதனால் 2023ல் புதிய விதி கொண்டுவந்தார்கள்: காரணமில்லாமல் நட்சத்திரங்களை உட்கார வைத்தால் அபராதம். ஆனால் அதிலேயே ஒரு விலக்கும் வைத்தார்கள். பருவம் தொடங்கும்போது 35 வயது ஆனவர்கள், 34,000 நிமிடம் ஆடியவர்கள், அல்லது பிளேஆஃபும் சேர்த்து 1,000 ஆட்டம் ஆடியவர்கள் அடுத்தடுத்த இரவுகளில் ஆடாமலிருக்க முன்கூட்டியே அனுமதி கேட்கலாம். டங்கனை அனுப்பிவைத்ததற்கு அபராதம் போட்ட அதே நிர்வாகம், பதினோரு வருடம் கழித்து.

தம்பி, உங்கள் கட்சிக்கும் ஒரு வார்த்தை. "குறை சொல்லவே கூடாது" என்பதும் ஒரு விதத்தில் அவமரியாதைதான். வயதானவரைச் சாமி மாதிரி உட்கார வைத்துவிட்டால் அப்புறம் அவர் ஆட்டக்காரர் இல்லை. தற்காப்பில் கை தூக்காமல் நின்றால் சொல்லலாம். பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினால் சொல்லலாம். கோபி கடைசிப் பருவத்தில் எறிந்த எறிதல்களில் பாதி இளம் ஆட்டக்காரர்களிடம் போயிருக்க வேண்டியவை என்று நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்வேன். முடிவுகள் எடுப்பதில் தவறினால் அதற்கு வயது சாக்கு ஆகாது. அந்த விஷயத்தில் அவர்கள் இளைஞர்களைவிட மேலாக இருக்க வேண்டியவர்கள். நான்கு ராத்திரியில் மூன்றாவது ஆட்டத்தில், கடைசி ஐந்து நிமிடத்தில், 23 வயதுக்காரரைத் துரத்திப் பிடிக்கவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிப் பார்க்கப் பழகிவிட்டால் 2025 டிசம்பர் 4 டொரோண்டோ ஆட்டம் வேறு மாதிரித் தெரியும். நமக்கு அது வெள்ளிக்கிழமை காலை. இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் நரம்பு வலியால் பருவத்தின் முதல் நான்கு வாரம் லெப்ரான் ஆடவில்லை. திரும்பி வந்து சில ஆட்டங்கள்தான் ஆகியிருந்தன. அன்று லூக்கா இல்லை. லெப்ரான் 17 முறை எறிந்து நான்குதான் உள்ளே போனது. எட்டுப் புள்ளி. 2007 ஜனவரியிலிருந்து 1,297 ஆட்டங்களாக ஒருமுறைகூடப் பத்துக்குக் கீழே இறங்காதவர். ஆட்டம் 120-120. கடைசி வினாடிகளில் பந்து அவர் கையில் வந்தது. ஒரு எறிதல் உள்ளே போனால் பதினெட்டு வருட வரிசையும் பிழைக்கும், ஆட்டமும் கிடைக்கும். அவரை நோக்கி இரண்டாவது ஆள் நகர்ந்தார். லெப்ரான் மூலையில் தனியாக நின்ற ருயி ஹாச்சிமுராவைப் பார்த்தார், பந்தைக் கொடுத்தார், மணி அடிக்கும்போது மூன்று புள்ளி விழுந்தது. 123-120.

அன்று மதியம் அலுவலகத்தில் ஒரு பையன், "என்ன அண்ணே, உங்க ஆள் எட்டுப் புள்ளிதானா, முடிஞ்சுதா கதை?" என்றான். ஆட்டம் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை, எண்ணை மட்டும்தான் பார்த்தேன் என்றான். மாமா அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனாலும் கடைசி பத்து வினாடியை இன்னொருமுறை போட்டுக் காட்டுங்கள், பந்தைப் பார்க்காமல் லெப்ரானின் கண்ணை மட்டும் பார்க்கச் சொல்லி.